வெளியூர் போனால் ஸ்டேஷனில் சொல்ல வேண்டும்

அத்தை, நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அம்மாவுக்குப் பிடிக்காத இடங்களையும் விடப்போவதில்லை.

இன்று காலை எங்கள் சோற்று உலையில் உங்கள் கொல்லையில் பறித்த பாண்டான் இலை கொதித்துக்கொண்டிருந்தது. வீடெல்லாம் அந்த வாசனை. அப்போது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. போன வருஷம் வந்த அதே போலீஸ் ஏட்டு, இப்போது நம் ஸ்டேஷனுக்கே மாறி வந்திருக்கிறார்.

“பக்கத்து வீட்டு மலேசியா அம்மா இங்கதானே குடியிருக்காங்க?”

நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிறது. ஸ்டேஷனில் சொல்ல வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. அம்மா என்னைப் பார்த்தாள். என் கை தானாகத் தொடையைத் தடவிக்கொண்டது.

நம் தெருவிலிருந்து ஈப்போவுக்கு வேலைக்குப் போன மாமா, அங்கே பிறந்த உங்களைக் கல்யாணம் செய்து அழைத்து வந்தார். மாமா மாதா கோயில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் நீங்கள் இங்கேயே இருந்துவிட்டீர்கள். ஆனால் பாஸ்போர்ட் மலேசியாவுடையது. அதனால் வெளிநாட்டவர் என்று போலீசில் பதிந்துகொண்டு, வருஷா வருஷம் இருக்க அனுமதி வாங்க வேண்டும். நெடுநாள் வெளியூர் போனால் தெரிவிக்கவும் வேண்டும். நீங்களோ சீர்காழியில் ஒரு ராத்திரி தங்குவதற்கே தெரிவித்தீர்கள்.

வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டபோது நானும் உங்களோடு ஸ்டேஷனுக்கு வந்தேன். அங்கிருந்த ரைட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “வேளாங்கண்ணிக்கெல்லாம் சொல்ல வேணாம்மா. நான் எங்க போறேன்னு என் வீட்லயே சொல்றதில்ல.”

“நீங்க இந்த ஊர்க்காரர் லா,” என்றீர்கள், ஈப்போ வழக்கப்படி கடைசியில் ஒரு ‘லா’ சேர்த்து. திரும்பும்போது என்னிடம் சொன்னீர்கள்: “வெளியூர் போறதுக்கு முன்னால ரெண்டு வேலை. விளக்க அணைக்கணும். ஸ்டேஷன்ல சொல்லணும்.”

போன வருஷம் ஏட்டு வந்தபோது நீங்கள் சந்தைக்குப் போயிருந்தீர்கள். மாவட்டப் போலீஸ் அலுவலகம் அனுப்பிய புது ஆள். “இங்க வெளிநாட்டுப் பொம்பளை ஒருத்தங்க இருக்காங்களா?” என்று கேட்டார். போலீஸ் தேடுகிறது என்பதே அம்மாவுக்குப் போதுமாக இருந்தது.

“அப்படி யாரும் இங்க இல்லீங்க.”

“நம்ம அத்...” என்று நான் தொடங்கினேன். அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளில் மீதி வார்த்தை உள்ளே போய்விட்டது. எதிர்வீட்டு ஜேம்ஸ் மாமா தானாக வந்து சேர்ந்துகொண்டார். “இந்தத் தெருவுல வெளிநாட்டுக்காரங்க எட்டிக்கூடப் பாத்ததில்ல சார்,” என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, பஸ்ஸும் ஏற்றிவிட்டார்.

சாயங்காலம் நீங்கள் வந்ததும் தெருவே பெருமையாகச் சொன்னது. “போலீசு வந்துச்சு. நாங்க காட்டிக் குடுப்பமா?”

நீங்கள் பையைக் கீழே வைத்தீர்கள். “நான் இங்க இருக்கேனான்னு பாக்கத்தான் லா அவர் வந்தார்.”

நீங்கள் இங்கே இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்தால் அனுமதி கிடைக்காது, நாட்டை விட்டே போக வேண்டும். ஈப்போவில் உங்கள் அண்ணன் வீட்டையும் விற்றாகிவிட்டது. அங்கே யாரும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் ஜேம்ஸ் மாமாவின் நெல் ஏற்றும் வண்டியில் எல்லோரும் மாவட்ட அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி எங்களையும் எங்கள் தலையில் ஒட்டியிருந்த வைக்கோலையும் பார்த்தார்.

“நேத்து இல்லன்னீங்க. இன்னிக்கு வண்டி நெறைய வந்து இருக்காங்கங்கிறீங்க. எதை எழுதறது?”

“நேத்து சொன்னது பாசம் சார். இன்னிக்குச் சொல்றதுதான் உண்மை,” என்றார் ஜேம்ஸ் மாமா.

அதிகாரி கேட்டது நீங்கள் இங்கே குடியிருக்கிறீர்களா என்பதைத்தான். பதற்றத்தில் நம் தெரு, நீங்கள் வெளிநாட்டவர் என்பதை நிரூபிக்கத் தொடங்கிவிட்டது.

“சாப்டாச்சான்னு கேக்காது சார், பசியாறியாச்சான்னு கேக்கும்.”

“மழை இல்லாட்டியும் கொடை எடுத்துக்கிட்டுப் போவும்.”

“நல்ல பொன்னி அரிசி சார்,” என்றாள் அம்மா. “அதுல போயி இலையப் போடுது. நம்ம ஊர்ப் பொம்பள செய்வாளா?”

“ஒரே ஒரு இலைதான் லா,” என்றீர்கள், கைப்பையை இறுகப் பிடித்தபடி.

அம்மா உங்கள் முகத்தைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. “இவ பொறந்தப்ப அக்காதான் சார் அந்தச் சோத்த எனக்குப் பொங்கிப் போட்டுச்சு,” என்று என்னைக் காட்டினாள்.

அதிகாரி என்னைத் தலையிலிருந்து கால்வரை அளந்தார். நான் நிமிர்ந்து நின்றேன். “இத்தனையும் பக்கத்துல இருந்தாத்தான் தெரியும்,” என்று முத்திரையை எடுத்தார்.

வண்டியில் நீங்கள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வயலையே பார்த்துவந்தீர்கள். பாதி வழி வந்த பிறகுதான், “பசியாறியாச்சா?” என்றீர்கள். ஒருவரும் பசியாறியிருக்கவில்லை. வண்டி அடுத்த டீக்கடையில் நின்றது.

இன்று ஏட்டு காத்துக்கொண்டிருந்தார். அம்மா கிள்ளவில்லை. நானே சொன்னேன்: “இங்கதான் சார் குடியிருந்தாங்க. போன மாசம் தவறிட்டாங்க.”

அவர் தொப்பியைக் கழற்றினார். “ஸ்டேஷன்ல யாரும் சொல்லலியேம்மா.”

“சொல்லாம அக்கா எங்கயும் போனதில்லீங்க,” என்றாள் அம்மா. “இதுக்கு மட்டுந்தான்...” ஏட்டு எழுதிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தெருமுனைவரை நடந்து போனார்.

பள்ளிக்கூடத்தில் நான் இப்போதும் ‘பசியாறியாச்சா’ என்றுதான் கேட்கிறேன். சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் பதிலும் சொல்கிறார்கள்.

ஏட்டு போனதும் சாவியை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் பாண்டானுக்குத் தண்ணீர் ஊற்றினேன். தெரு இருட்டாக இருக்கக் கூடாது என்று அம்மா தினமும் உங்கள் வாசல் விளக்கைப் போட்டுவந்தாள். நேற்றுப் போட்டது பகலிலும் எரிந்துகொண்டிருந்தது.

ஸ்டேஷனில் சொல்லியாயிற்று அத்தை. விளக்கையும் அணைத்துவிட்டேன்.