மல்லித் தோட்டத்து வால்வு

வெள்ளி, இரவு

எரியோட்டில் செல்வி அக்காவின் மல்லித் தோட்டத்தில், என் ஆராய்ச்சிக்காக, மண்ணின் ஈரம் பார்த்துத் தானே மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் விடும் தானியங்கி வால்வு பொருத்தியிருக்கிறேன். மூன்று நாளாக அது செடிகளை ஒரு நேரம் மூழ்கடித்தது, ஒரு நேரம் காயப்போட்டது. இலைகள் பழுத்துவிட்டன. "கழட்டி எடுத்துட்டுப் போயிரு" என்று நேற்று அக்கா சொல்லிவிட்டது. நான் மண்ணைக் குறை சொன்னேன்.

தப்பு என்னுடையது. தண்ணீர் வேருக்கு இறங்க முக்கால் மணி நேரம் ஆகிறது. வால்வின் நிரலில் நான் பத்து நிமிடம் என்று போட்டிருந்தேன்; அதனால் ஈரம் இறங்கும் முன்பே அது மேலும் மேலும் தண்ணீர் விட்டது, பிறகு நெடுநேரம் மூடிக்கிடந்தது. இன்று காலை திருத்தினேன். சாயங்காலம் வரை ஈரம் ஒரே அளவில் நின்றது. அக்காவிடம் போய் உண்மையை ஒத்துக்கொண்டேன்.

"மொட்டு உதிரலை, விடு. இனி ராத்திரி மோட்டார் போட நான் எந்திரிக்க வேணாமில்ல?"

"வேணாம்க்கா."

"அப்ப இருந்துட்டுப் போகட்டும்."

ஆராய்ச்சிக் கட்டுரையில் இந்தத் தப்பையும் எழுத வேண்டும். பேராசிரியர் என்ன சொல்வாரோ. மணி பதினொன்று. அக்கா இந்நேரம் தூங்கியிருக்கும்.