கடிபட்ட வெள்ளிக்காசு

ஜூன் 3
சமையலறைக் கூரை மறுபடி ஒழுகுகிறது. சரியாக அடுப்புக்கு மேலே. இவர் எலக்ட்ரீஷியன், ஊரார் கூரையெல்லாம் ஏறி வயர் இழுக்கிறார். சொந்தக் கூரைக்கு மட்டும் காசில்லை. ஆனால் பழைய நாணயம் வாங்கக் காசு இருக்கிறது. கேட்டால் முதலீடு என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து நானும் பார்க்கிறேன், முதல்தான் போய்க்கொண்டிருக்கிறது.

ஜூன் 5
நேற்று ராத்திரி பெரிய சண்டை. கூரையா காசா, ஒண்ணைச் சொல்லுங்க என்றேன். சாப்பிடாமல் படுத்துவிட்டார். காலையில் எழுந்து, "அந்தக் கப்பல் காசை வித்துடலாம்" என்றார். கப்பல் பொறித்த முந்நூறு வருஷத்து வெள்ளி. இருப்பதிலேயே விலைபோவது அதுதானாம். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவர் மாதிரி முகம். நான் இளகவில்லை.

ஜூன் 9
விற்கும் முன் கீறல் எங்கே, தேய்மானம் எங்கே என்று வாங்குகிறவருக்கு எழுதி அனுப்ப வேண்டுமாம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள் நான்தானே? கடை லென்ஸைக் கொண்டுவந்து உட்கார்ந்தேன். ஓரத்தைப் பிடி, முகப்பில் விரல் படக்கூடாது என்று இவர் பக்கத்தில் நின்று தவித்தார்.

கப்பலுக்கு மூன்று பாய்மரம். மேல்தளத்தில் கடுகளவில் ஓர் ஆள். இத்தனை வருஷமாக வைத்துக் கொஞ்சியவர் அந்த ஆளைப் பார்த்ததே இல்லை. ஓரத்தில் இரண்டு பள்ளம். வெள்ளிதானா என்று அந்தக் காலத்தில் யாரோ கடித்துப் பார்த்திருக்கிறார்களாம். பெண்ணாகத்தான் இருக்கும். ஆண்கள் நம்பி வாங்கிவிடுவார்கள்.

ஜூன் 10
கடையில் ஒருவருக்கு ஃப்ரேம் மாட்டிக்காட்டும்போதும் காசைக் கடித்தவள் நினைப்புதான். யார் அவளை ஏமாற்றப் பார்த்தது?

ஜூன் 14
இவர் வேலைக்குக் கிளம்பியதும் காசை எடுத்துப் பார்த்தேன். நேற்றும்தான். முந்தாநாளும் — சரி, இதை எதற்கு எழுதிக்கொண்டு.

ஜூன் 17
வாங்க வந்தவர் ஒரு பல் டாக்டர். நல்ல மனிதர், அதுதான் தொல்லை. இவர் விலை பேச வாயெடுக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். பின்பக்கம் கறுத்திருக்கு, ஓரம் தேஞ்சிருக்கு, யாரோ கடிச்சு வேற வச்சிருக்காங்க என்று அடுக்கினேன். இவர் முறைத்தார். டாக்டர் தலையாட்டிவிட்டுக் குறைந்த விலைக்குக் கேட்டார். எனக்கு வந்ததே கோபம்! நான் சொல்லலாம். அவர் யார், என் காசுக்குக் குறை சொல்ல?

அப்புறம் அந்தப் பள்ளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கடிச்சவங்களுக்கு முன்பல் கொஞ்சம் கோணலா இருந்திருக்கும்மா."

எனக்கும் கோணல்தான்.

"இது விக்கிறதுக்கு இல்லைங்க" என்றேன். டீ கொடுத்து அனுப்பினோம். இவர் கேட்வரை கூடவே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அப்போ கூரை? என்றார். எனக்கு எப்படித் தெரியும்?

ஜூன் 18
மழை. குடை பிடித்துக்கொண்டு சமைத்தேன்.

ஜூன் 23
என் வளையல் ஜோடியை விற்றுவிட்டேன். நகைக்கடைக்காரர் அதை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. தராசில் போட்டார், பணத்தை எண்ணிக் கொடுத்தார். அழுகை வரும் என்று நினைத்துப் போனேன், வரவில்லை. மத்தியானமே கொத்தனார் வந்து ஒழுகலை அடைத்துவிட்டார்.

சாயங்காலம் இவர் தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை என்று நினைப்பு. "உன் அண்ணிக்கும் பைத்தியம் பிடிச்சிருச்சு" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். எங்கள் கல்யாணம் நிச்சயமான அன்றுகூட இவர் இப்படிப் பேசியதாக எனக்கு நினைவில்லை.