சுண்ணாம்புக் கோடுகள்

வல்லத்திராக்கோட்டை
10.6.2024

மொழிக்கு,

இது இடது கை எழுத்து. வலது கை லீவில் இருக்கிறது. நாக்கு இன்னும் குழறுகிறது, போனில் பேசினால் உனக்குப் புரியாது. பிசியோ பெண் சத்யா தினமும் நாலு வரி எழுதச் சொல்கிறாள். யாருக்கு எழுத? உனக்குத்தான். நீயும் கையால் எழுது. போனில் அனுப்பாதே.

இதை எழுத ஒரு காலைப்பொழுது போய்விட்டது.

உடையப்பன்


ஓசூர்
18.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கவரைப் பிரித்ததும் பாப்பா கிறுக்கியதை யாரோ எனக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். கீழே உங்கள் பெயரைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். மகளுக்கு எழுதும் கடிதத்தில் "உடையப்பன்" என்று கையெழுத்துப் போடுகிற ஒரே அப்பா நீங்களாகத்தான் இருப்பீர்கள். லீவ் லெட்டரா இது?

ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்துவிட்டு மூன்றாம் நாளே கிளம்பி வந்துவிட்டேன். அம்மாவுக்கு அதில் கோபம் என்று தெரியும். உங்களுக்கு இருந்தால் நீங்களே எழுதுங்கள்.

இங்கே எல்லாரும் நலம். வசந்துக்கு இந்த மாதமும் நைட் ஷிஃப்ட். பாப்பா யூ.கே.ஜி. போகிறாள். டீச்சர் ஓடச் சொன்னால் நடக்கிறாள், நடக்கச் சொன்னால் உட்காருகிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை.

மாத்திரையை வேளைக்குப் போடுங்கள்.

உங்கள் மகள்,
அன்புமொழி


வல்லத்திராக்கோட்டை
2.7.2024

மொழிக்கு,

கோபம் இல்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும்.

சார்ட் பேப்பர் வாங்கிவரச் சொல்லிச் சுவரில் ஒட்டிவிட்டேன். ஆகஸ்டில் கம்பு இல்லாத நடை. செப்டம்பரில் கண்மாய்க்கரை முழுச் சுற்று. அக்டோபரில் மெல்லோட்டம். குடியரசு தினத்தன்று பள்ளிக்கூட மைதானத்தை ஒரு சுற்று ஓடி வருவேன். முப்பது வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தவனுக்கு இது பெரிய விஷயமா? சத்யா சார்ட்டைப் பார்த்துவிட்டு, "சார், மொதல்ல சட்டைப் பட்டனப் போடுங்க, பாப்போம்" என்கிறாள். உன் அம்மா சொர்ணவல்லி அதற்கும் மேலே போய், "காலுதான் வெளங்கல, வாய்க்கொழுப்பு கொறையல" என்றாள்.

பொறுத்திருந்து பார்.

உடையப்பன்


ஓசூர்
20.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா போனில் அழுதாள். கம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு நடந்து பார்த்தீர்களாம், முருங்கை மரத்தடியில் விழுந்து புருவத்தில் தையலாம். இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சத்யாவையும் உள்ளே விடுவதில்லையாம். அந்தச் சார்ட்டை முதலில் கிழியுங்கள். அதைப் பார்த்தால் நல்ல காலே நடக்காது, சீக்குக் கால் எப்படி நடக்கும்?

உங்கள் இலக்கெல்லாம் எப்போதுமே இப்படித்தான். கண்மாய்க்கரையில் என்னை ஓடவிட்டு அந்தப் பக்கம் கொய்யாப்பழத்தோடு நிற்பீர்கள், ஞாபகம் இருக்கிறதா? கை நீட்டினால் எட்டிவிடும் என்கிற இடத்துக்கு நான் வந்ததும் பத்தடி பின்னால் போவீர்கள். மறுபடியும் ஓடி வந்தால் மறுபடியும் பின்னால். கடைசியில் பழம் கைக்கு வரும்போது தின்னப் பிடிக்காது. திருச்சி ஓட்டப்பந்தயத்தில் நாலாவதாக வந்த அன்று பஸ்ஸில் வீடு வரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு நான் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை, அப்பா.

சண்டைக்காக எழுதவில்லை. ஒரே ஒரு இலக்கு போதும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். வாசல்படி வரை போங்கள். அது பழகிய பிறகு முருங்கை மரம். அதற்கும் பிறகு கேட். என்றைக்கு உங்கள் கையாலேயே கொண்டியை எடுத்துக் கேட்டைத் திறக்கிறீர்களோ, அன்றைக்கு எனக்கு எழுதுங்கள். நான் வந்து நிற்பேன். இது சத்தியம்.

அன்புமொழி


வல்லத்திராக்கோட்டை
15.9.2024

அன்பு மொழிக்கு,

சார்ட்டைக் கிழித்தாயிற்று. அதன் பின்பக்கத்தில் உன் அம்மா கடலை காயப்போட்டிருக்கிறாள்.

நீ சொன்னபடியே செய்தேன். பக்கத்து வீட்டு ராசுவிடம் கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் வாங்கி, ஸ்போர்ட்ஸ் டேக்கு மைதானத்தில் போடுகிற மாதிரி வாசல்படியில் ஒரு கோடு போட்டேன். இடது கை, கோணல்தான். அந்தக் கோட்டை மிதித்துத் திரும்பினால் அன்றைய வேலை முடிந்தது. வேறு எதையும் நினைப்பதில்லை. அது சலித்துப்போன பிறகு முருங்கை மரத்தடியில் இன்னொரு கோடு. விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் போனதும் நின்றுவிட்டேன். சத்யா, "இன்னக்கி இது போதும் சார்" என்று திருப்பிக் கூட்டிவந்தாள். போதும் என்கிற சொல்லை நான் எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இன்று காலை கேட்டைத் திறந்துவிட்டேன். கொண்டி துருப்பிடித்துக் கிடந்தது. இடது கையால் ஆட்டி ஆட்டி எடுத்தேன். அம்மா ஓடி வந்து, "ஏங்க, யாராச்சும் வாராங்களா?" என்று கேட்டாள். வருவாள் என்று சொன்னேன். நாக்கு குழறாமல் வந்தது.

எந்தச் சனிக்கிழமை என்று எழுது. நீ படுக்கும் கட்டிலை அம்மா வெயிலில் போட்டிருக்கிறாள்.

அப்பா


ஓசூர்
24.9.2024

அன்புள்ள அப்பா,

"அப்பா" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். கம்பெனி கேன்டீனில் வைத்துப் படித்துவிட்டு அழுதேன். பக்கத்திலிருந்த பெண் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனாள். எங்கள் அப்பா கேட்டைத் திறந்துவிட்டார் என்று சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

இந்த மாதம் ஆடிட், லீவ் கேட்டால் முறைக்கிறார்கள். பாப்பாவுக்கு வேறு இருமல். தீபாவளிக்கு வந்துவிடுகிறேன். நீங்களும் இதோடு நின்றுவிடாதீர்கள். அதற்குள் ரோட்டு முக்கு வரை வந்து பாருங்கள். கேட்டைத் திறந்தவருக்கு முக்கு எம்மாத்திரம்? பாப்பாவோடு அங்கே வந்து இறங்குகிறேன்.

ஆசையுடன்,
மொழி


வல்லத்திராக்கோட்டை
20.10.2024

அன்பு மகள் மொழிக்கு,

முக்கு வந்தாயிற்று. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இடது கையால் ஒரு டீ, பாதி வேட்டியில். முக்கிலும் கோடு போட்டேன். "சார், ரோட்டுல கோடு போட்டா பஞ்சாயத்துல கேஸு போட்டுருவாக" என்று ராசு கேலி செய்கிறான்.

அம்மா முறுக்குக்கு மாவு திரித்துவிட்டாள். பாப்பாவுக்குக் காரம் ஆகுமா என்று கேட்கச் சொன்னாள். வெடி வேண்டாம், மத்தாப்பு மட்டும் வாங்கி வைக்கிறேன்.

அப்பா


ஓசூர்
5.11.2024

அன்புள்ள அப்பா,

திட்டுங்கள். வசந்தின் அம்மா கடைசி நேரத்தில் அவர்கள் வீட்டுக்கு வந்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வரவில்லை என்று சொன்னதும் போனில் நம் அம்மா குரலே சரியில்லை. முறுக்கை ராசு அண்ணன் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னேன்.

பொங்கலுக்குக் கட்டாயம் வருகிறேன். இனி நீங்கள் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்துவிடுவீர்கள்தானே? நான் இறங்கும்போது நீங்கள் அங்கே நிற்க வேண்டும். அதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

மொழி


வல்லத்திராக்கோட்டை
18.11.2024

அன்பு மகள் மொழிக்கு,

உன் கடிதத்தைச் சத்யாவிடம் காட்டினேன். கோபிக்காதே, நாளெல்லாம் என்னோடு மல்லுக்கட்டுகிறவள் அவள்தான். படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தாள். பிறகு, "சார், நம்ம கையில இருக்குறத மட்டும் இலக்கா வச்சுக்கங்க. அடுத்தவங்க கையில இருக்குறத வச்சா ஒடம்பும் நோகும், மனசும் நோகும்" என்றாள். உன்னைவிடச் சின்னவள், ஆனாலும் சரியாகத்தான் சொல்கிறாள்.

அன்றிரவு படுத்துக்கொண்டு கண்மாய்க்கரையை நினைத்தேன். இப்போது கொய்யாவை நீ வைத்திருக்கிறாய். நான் கேட்டுக்கு வந்தால் நீ முக்குக்குப் போகிறாய், முக்குக்கு வந்தால் பஸ் ஸ்டாப்புக்குப் போகிறாய். வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரியும். நானும் வேண்டுமென்று செய்ததில்லை. பிள்ளை இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்றுதான் நினைத்தேன். ஓடி வருகிறவருக்கு அது எப்படி இருக்கும் என்று இந்த வயசில்தான் தெரிகிறது.

ஆகையால், ஆத்தா, உன் வருகையை என் இலக்கிலிருந்து எடுத்துவிட்டேன். இது கோபம் இல்லை. பஸ் ஸ்டாப் வேண்டாம், கேட்டோடு நிறுத்திக்கொள்கிறேன். சட்டைப் பட்டன் ஐந்தையும் நானே போட வேண்டும், டீ சிந்தக் கூடாது, இவ்வளவுதான். உனக்கு வேலை இருக்கிறது, பிள்ளை இருக்கிறாள். வர முடியாதபோது வருகிறேன் என்று எழுதி நீயும் கஷ்டப்படாதே.

திருச்சியில் நாலாவது என்பது நல்ல இடம்தான்.

அப்பா


ஓசூர்
5.12.2024

அப்பா,

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. தினமும் எழுத உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன்.

வேலை, ஆடிட், இருமல், எல்லாம் உண்மைதான். ஆனால் வராததற்குக் காரணம் அதெல்லாம் இல்லை. ஆஸ்பத்திரியில் நான் உள்ளே வந்ததும் என்னைப் பார்த்து அழுதீர்கள். உங்கள் விசில் சத்தத்துக்கு ஊரே திரும்பிப் பார்க்கும். அப்படிப்பட்டவர் வாய் கோணி அழுததைப் பார்த்து எனக்குப் பயம் வந்துவிட்டது. நீங்கள் முழுசாகச் சரியான பிறகு வந்தால் பழைய அப்பாவையே பார்க்கலாம் என்று நினைத்தேன். அதற்காகத்தான் உங்களை இன்னும் இன்னும் நடக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் கடிதம் வரும்வரை அது எனக்கே தெரியாது.

டிக்கெட் எடுத்துவிட்டேன். 14ஆம் தேதி சனிக்கிழமை காலையில் வருகிறேன். நீங்கள் கேட்டுக்குக்கூட வர வேண்டாம். நாற்காலியிலேயே இருங்கள். மிச்ச தூரத்தை நான் நடந்து வருகிறேன்.

உங்கள் மொழி


வல்லத்திராக்கோட்டை
22.12.2024

அப்பா,

உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் இரண்டு முழம் தள்ளிக் கட்டிலில் படுத்திருக்கிறீர்கள். எழுதி முடித்ததும் உங்களுக்குப் படித்துக் காட்டுவேன். கேட்கிறதா என்று தெரியாது. மறுபடியும் வந்த பக்கவாதத்தில் என்ன போயிற்று, என்ன மிச்சம் என்று பெரியாஸ்பத்திரி டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போய்ப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

என் கடைசிக் கடிதம் நீங்கள் விழுந்த பிறகுதான் வந்ததாம். அம்மா பிரிக்காமல் எடுத்து வைத்திருந்தாள்.

கேட்டோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று எழுதினீர்களே. அம்மா எல்லாம் சொல்லிவிட்டாள். "அதெங்க நிறுத்துனாரு? சனிக்கெழமையானா விடியக்காலமே சட்டையப் போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போயிருவாரு. புதுக்கோட்டை பஸ்ஸு ஒண்ணொண்ணா பாத்துட்டுத் திரும்புவாரு. ஒனக்கு மட்டும் எழுதிறாதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாரு." இரண்டாவது தடவை விழுந்ததும் அங்கேதான், ஒரு சனிக்கிழமைதான். ராசு அண்ணன் தூக்கியபோது சட்டைப் பட்டன் ஐந்தும் சரியாகப் போட்டிருந்ததாம்.

நேற்று நடந்து போய்ப் பார்த்தேன். வாசல்படிக் கோடு அழிந்துவிட்டது. முருங்கை மரத்தடியில் கொஞ்சம் தெரிகிறது. கேட்டில் இருக்கிறது. முக்கில் இருப்பதை டீக்கடைக்காரர் கழுவாமல் விட்டிருக்கிறார். பஸ் ஸ்டாப்பில், படியிறங்கினால் கால் வைக்கிற இடத்தில், ஒரு கோணல் கோடு. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன் அப்பா. இரண்டு பஸ் வந்து போயிற்று.

சத்யா இன்றைக்கும் வந்தாள். உங்கள் விரலை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டச் சொல்லிக்கொடுத்தாள். "இதுக்கு மேல இன்னக்கி ஒண்ணும் நெனைக்காதீங்க அக்கா" என்றாள். நீங்கள் கண் விழித்து என்னைப் பார்ப்பது என் கையில் இல்லை. கம்பெனிக்கு எழுதிவிட்டேன். வசந்த் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறார். நான் எங்கேயும் போகவில்லை.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழம் வாங்கினேன். உங்கள் இடது கைக்குள் வைத்திருக்கிறேன். விரல் இன்னும் மூடவில்லை. பழம் உருண்டு விழுந்தால் எடுத்துத் திரும்ப வைக்கிறேன்.

மொழி