ஜெரோமின் பெயரில் ஒரு கடல் வரைபடச் சந்தா

என் அன்பு மச்சான் ஜெரோமுக்கு,

உனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உன் ஆண்டு நினைவுப் பூசை கொட்டாஞ்சேனையில் முடிந்து, நானும் உன் தங்கச்சி பிலோவும் வெள்ளவத்தைக்குத் திரும்பிய அடுத்த கிழமை அது வந்தது. படகு வேலைக்கு வருகிற கடிதங்களைப் பார்க்கச் சொல்லி உன் மின்னஞ்சலை என் போனில் நீதானே போட்டுத் தந்தாய்? அதை நான் இன்னும் எடுக்கவில்லை. எடுக்கலாமா கூடாதா என்று யாரிடம் கேட்பது?

அன்புள்ள ஜெரோம், உங்கள் கடல் வரைபடச் சந்தா அடுத்த மாதம் புதிய கட்டணத்தில் புதுப்பிக்கப்படும் என்று எழுதியிருந்தார்கள். கட்டணம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஏன் என்பதற்கும் விளக்கம் இருந்தது. கரையோர உணவகங்களைக் காட்டுவார்களாம், படகுத் தரிப்பிடங்களை முன்பதிவு செய்யலாமாம், மற்றப் படகுக்காரரோடு கதைக்கலாமாம். முகத்துவாரத்தில் நீ எந்தத் தரிப்பிடத்தை முன்பதிவு செய்வாய்? கொழும்புக் கடலைத் திறந்து பார்த்தேன். ஒரு இலக்கம்கூட மாறவில்லை. பழைய ஆழங்கள், பழைய பாறைகள்.

இதை மற்றவர்களும் வாசிப்பார்கள். அதனால் உன்னைப் பற்றி அவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன், நீ குறுக்கே பேசாதே. இவன் கொழும்புக்கு வடக்கே முகத்துவாரத்தில் ஒரு பைபர் படகு வைத்திருந்தான். துறைமுகத்துக்கு வெளியே மூழ்கிக் கிடக்கிற பழைய கப்பல்களைப் பார்க்க வருகிற சுழியோடிகளை ஏற்றிப் போய், இறக்கி, திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பான். கடல் இவன் பக்கம், கடதாசி என் பக்கம். நான் புறக்கோட்டையில் ஒரு கம்பனியில் கணக்காளனாக இருந்து ஓய்வு பெற்றவன். இவனுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதென்றால் காய்ச்சல் வரும்.

முதல் நல்ல போன் வாங்கிய வருடமே நீ அந்த ஆப்பையும் வாங்கினாய். ஒரு தரம் காசு கட்டினால் சாகும்வரைக்கும் போதும் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாய். சில வருடங்களில் அந்தப் பழைய ஆப்பை நிறுத்திவிட்டு, இனி வருடா வருடம் கட்டு என்றார்கள். விற்றதை எப்படித் திரும்ப வாடகைக்கு விடுகிறார்கள் என்று கேட்டாய். பிறகு பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலம் வந்தது. அவர்கள் விலையைக் கூட்டவில்லை, ஆனால் டொலர் ஏறியதில் நமக்கு எல்லாம் எகிறியது. டொலர் ஏறினால் நம்முடைய கடல் ஏன் விலை ஏற வேண்டும் என்று மறுபடி என்னைப் பிடித்தாய். நான் நீளமாக விளக்கம் சொன்னேன். சொல்லி முடித்தபோது எனக்கே பாதிதான் புரிந்திருந்தது.

உன் உயிர் கடலில் போகவில்லை. அதையும் என்னால் இன்னும் விளங்கிக்கொள்ள முடியவில்லை. இத்தனை வருடம் அலையில் ஆடியவன், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், அவ்வளவுதான். படகை விற்கலாம் என்று நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தபோது உன் மகள் ஷாமினி ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். படகோட்டும் லைசன் எடுத்தாள். உன் பழைய ஆள் நிஹால் அவளோடு போகிறான். சிங்களத்தில் உன்னை ஐயே, அண்ணா, என்று கூப்பிட்டவன் இப்போது அவளை நங்கி, தங்கச்சி, என்கிறான்.

அந்த மின்னஞ்சலை வாசித்தபின் நான் கணக்குப் பார்த்தேன். போன வருடம் நீ போன கையோடு சந்தா உன் வங்கி அட்டையில் தானாகவே கட்டுப்பட்டிருந்தது, எங்களில் யாரும் கவனிக்கவில்லை. உன் பெயரிலுள்ள பழைய கணக்கைத் தொடர்ந்தால் பழைய வாடிக்கையாளருக்கான கட்டணம். அது கூடியிருந்தாலும், புதிதாகச் சேர்கிறவர்களுக்குரியதைவிடக் குறைவு. அதனால் உன் பெயரிலேயே கட்டிவிடுவோம் என்று ஷாமினியிடம் சொன்னேன். எனக்கு இதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அவளுக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டாள்.

"மாமா, படகு என்ட பேர்ல. லைசன் என்ட பேர்ல. கடல்ல ஏதும் நடந்தா கேக்கப் போறது என்னைத்தான். படம் மட்டும் என்னத்துக்கு அப்பாட பேர்ல?"

"விலையைப் பார் பிள்ளை. புதுப் பேரில எண்டால் இன்னும் கூட."

"அப்பா உயிரோட இருக்கிற மாதிரிக் காட்டினாத்தான் அது மலிவு. எனக்கு ஏலாது."

பிலோ கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள், திரும்பி வரவே இல்லை.  ஷாமினி சொன்னது சரியா பிழையா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இப்போதும் முழுக்கத் தெரியவில்லை. சீசன் முடிகிற நேரம், மச்சான். மழைக்காற்றுத் தொடங்கினால் சுழியோட யாரும் வரமாட்டார்கள், பல மாதம் படகு சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் மலிவானதை விட்டுவிட்டு விலை கூடியதைத் தேடிப் போகிற பிள்ளையிடம் ஒரு கணக்காளன் என்ன சொல்வது?

நடுவழி ஒன்றைப் பிடித்தேன். உன் கணக்கை அதே விலையில் அவள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி அந்தக் கம்பனிக்கு எழுதினேன். ஜெரோம் காலமாகிவிட்டார், நான் அவருடைய மைத்துனன் எழுதுகிறேன் என்று தெளிவாகவே போட்டேன். பதில் உடனே வந்தது. 'அன்புள்ள ஜெரோம், உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்' என்று தொடங்கியது.

நான் சிரித்தேன், பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டேன். அந்தப் பக்கம் இருந்தது மனிதரா இயந்திரமா என்று தெரியவில்லை. இன்னொரு முறை எழுதினேன். கணக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்ற வழியில்லை, மூட மட்டும் முடியும், வேறு உதவி வேண்டுமா ஜெரோம் என்று கேட்டார்கள். மூன்றாவது முறை மரணச் சான்றிதழை இணைத்து அனுப்பினேன். அதற்குப் பதில் வருமென்று காத்திருந்ததில் சந்தா முடிகிற திகதி கடந்துபோனது. ஒன்றிரண்டு நாள் பொறுப்பார்கள் என்று நினைத்தேன். தண்ணீர்ப் பில்லுக்குப் பொறுக்கிறார்களே.

அடுத்த நாள் காலை ஷாமினி மூன்று சுழியோடிகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தாள். போகும்போது வெயில். நான் எங்கள் மாடி பல்கனியில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தபோது வடக்குப் பக்கம் கடல் கறுத்தது. துறைமுகத்துப் பக்கத்துக் கிரேன்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. நீ சொல்வாயே, சாக்கை இழுத்து மூடின மாதிரி என்று, அப்படித்தான். என் போன் அடித்தது.

"மாமா, டெப்லட்ல படம் வருதில்ல. சந்தா முடிஞ்சுதாம். கரை தெரியுதில்ல."

குரலில் பதற்றம் இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. அவளிடம் திசைகாட்டி இருந்தது, தான் நிற்கிற இடமும் தெரியும். ஆனால் அவளுக்கும் கரைக்கும் நடுவில் எங்கே பாறை, எங்கே கப்பல்கள் வந்துபோகிற பாதை என்பதெல்லாம் அந்தப் படத்தில்தான். நிஹால் கண்ணால் பார்த்து வழி சொல்வான், பார்ப்பதற்கு அன்றைக்கு ஒன்றும் இல்லை. என்ஜினை மெதுவாக்கி மழைக்குள் நிற்கிறோம், பெரிய கப்பல் ஒன்றின் சங்கு கேட்கிறது என்றாள்.

நான் என்ன செய்ய என்று கேட்டேன்.

"அப்பாட பேர்லயே கட்டுங்க. இப்ப அதெல்லாம் பார்க்க ஏலாது. ஆக்கள் இருக்காங்க."

நான் உன் கணக்கைத் திறந்தேன். ஜெரோமாகத் தொடரவா என்று கேட்டது. ஓம் என்று அழுத்தினேன். உன் வங்கி அட்டை செல்லாது என்றது. என்னுடையதைப் போட்டேன். நீங்கள்தான் என்று உறுதிசெய்ய உங்கள் தொலைபேசிக்கு ஒரு இலக்கம் அனுப்பியிருக்கிறோம், அதை இங்கே இடுங்கள் என்றது. உன் தொலைபேசிக்கு. அந்த இணைப்பை ஷாமினி நினைவுப் பூசைக்குப் பிறகு நிறுத்திவிட்டாள்.

மச்சான், அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? பிலோவின் போனை வாங்கி உன் நம்பருக்கு அடித்தேன். எதற்கு அடித்தேன் என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. நீ எடுத்து இலக்கத்தைச் சொல்வாய் என்றா? இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண் மூன்று மொழியிலும் சொன்னாள். மூன்றையும் கடைசிவரை கேட்டேன்.

பிறகு ஷாமினிக்கு எடுத்தேன். அவள் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தேன், எடுக்கவில்லை. பிலோ செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். காலி வீதியில் ஒரு த்ரீவீலரைப் பிடித்து முகத்துவாரத்துக்குப் போனோம். வழி முழுக்க மழை. பிலோ சாரதியிடம் சிங்களத்தில் கொஞ்சம் விரைவாகப் போகச் சொன்னாள், பிறகு மெதுவாகவே போங்கள் என்றாள், பிறகு மறுபடி விரைவாக.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது படகு கட்டியிருந்தது. மூன்று சுழியோடிகளும் தேநீர்க் கடையில் நின்று சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மழையில் நனைந்தது நல்ல அனுபவம் என்று என் கையைக் குலுக்கினார்கள். ஷாமினி என்ஜினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். பிலோ அவள் தலையைத் துவட்டப் போக, விடுங்க மாமி என்று சொல்லிவிட்டுத் தலையை எடுக்காமல் அப்படியே இருந்தாள்.

எப்படி வந்தாய் என்று கேட்டேன். தன் போனை எடுத்துக் காட்டினாள். மழையில் தார்ப்பாய்ப் படங்கின் கீழ் இருந்துகொண்டு தன் பெயரில் புதுக் கணக்குத் திறந்திருக்கிறாள். ஷாமினி ஜெரோம் என்று மேலே இருந்தது. கீழே கடல், ஆழங்கள், பாறைகள், எல்லாம் வந்திருந்தது.

"புது ஆக்களுக்கு ஒரு கிழமை, ஏழு நாள், சும்மா குடுக்கிறாங்க மாமா."

நிஹால் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் தவறாமல் கட்டிய உன் முகத்தில் மழைக்குள் கதவை அடித்து மூடினார்கள். யாரென்றே தெரியாத ஒருத்திக்கு அதே நிமிடம் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். இது என்ன வியாபாரம்? நான் முப்பது வருடத்துக்கு மேல் வியாபாரத்தின் கணக்கை எழுதியவன், எனக்கு இதில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவர்களைத் திட்டவும் முடியவில்லை. அந்தப் படம் இல்லாவிட்டால் அன்றைக்கு அவள் எப்படி வந்திருப்பாள்?

இலவசக் கிழமை முடிந்ததும் அவள் மாதச் சந்தாவாகக் கட்டினாள். கணக்குப் பார்த்தால் அதுதான் எல்லாவற்றிலும் விலை கூடியது. ஆனால் படகு ஓடுகிற மாதங்களுக்கு மட்டும் கட்டிவிட்டு மழைக்காற்றில் நிறுத்திவிடலாம் என்கிறாள். வருகிறவர்களிடம் கொஞ்சம் கூட்டி வாங்குகிறாள். வெளிநாட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. கிருலப்பனையில் இருந்து வழக்கமாக வருகிற நம் பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். இரத்மலானைப் பக்கம் வேறொரு படகு மலிவாம். அவர்கள் இனி வருவார்களா என்று தெரியவில்லை.

உன் கணக்கில் நீ குறித்து வைத்த இடங்களை எடுத்துத் தரும்படி ஷாமினி கேட்டாள். அவற்றை மட்டும் பார்க்க விட்டார்கள். கடலே இல்லாத வெள்ளைத் திரையில் நீ வைத்த பெயர்கள் மட்டும் நின்றன. பிலோ கல். நிஹால் வாந்தி எடுத்த இடம். கரையில் இருந்து வெகு தூரத்தில் ஒன்றுக்கு மச்சான் என்று பெயர் வைத்திருந்தாய். அங்கே என்ன என்று நிஹாலிடம் கேட்டேன், தனக்குத் தெரியாது என்றான். ஷாமினி தன் படத்தில் அந்த இடத்தைத் தேடிப் பார்த்தாள். கப்பலும் இல்லை, கல்லும் இல்லை, வெறும் மணல் மாமா என்றாள். அங்கே நின்று என்னை நினைத்தாயா, ஏசினாயா? ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை?

நேற்று உன் கணக்கை மூடினேன். மரணச் சான்றிதழுக்குப் பதில் இன்னும் வரவில்லை. மூடுவதற்கு முன் ஏன் எங்களை விட்டுப் போகிறீர்கள் ஜெரோம் என்று கேட்டார்கள். கீழே காரணங்கள் இருந்தன. விலை அதிகம் என்று ஒன்று. வேறு ஆப் பாவிக்கிறேன் என்று ஒன்று. இறந்துவிட்டேன் என்று ஒரு காரணம் அங்கே இல்லை.  விலை அதிகம் என்பது உண்மைதான், எனக்கும் ஷாமினிக்கும். ஆனால் கேள்வி உன்னிடம் அல்லவா கேட்கப்பட்டது? 'நான் இப்போது கடலுக்குப் போவதில்லை' என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. அதை அழுத்தினேன்.

உன் மின்னஞ்சலையும் என் போனில் இருந்து எடுக்கப் போகிறேன். இனி உன் பெயரைச் சொல்லி யார் கேட்டாலும் நான் ஓம் என்று சொல்லமாட்டேன், மச்சான். ஷாமினி கடலில் நிற்கிற ஒவ்வொரு நாளும், அவள் கரையில் காலை வைக்கும்வரை, என் போன் என் கையில் இருக்கும். அவள் மாமா என்று கூப்பிடட்டும், நான் எடுப்பேன்.

உன் தங்கச்சியின் கையைப் பிடித்தவன், உன் மகளுக்கு மாமா,
எதற்கென்று சொல்லாமல் நடுக்கடலில் நீ பெயர் வைத்துவிட்டுப் போன
உன் மச்சான் சிவநேசன்