மணல்மேட்டை வெட்டிய மதியம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் என் இரண்டு தையல் மெஷின்களும் நலம். அங்கே நீ நலம் என்று உன் கையால் எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும். வெள்ளம் என்று கேள்விப்பட்டு நீ பதறிப் போன் செய்தாயாம், அப்பா "ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். ஒன்றும் இல்லாமல் இல்லை, நடந்ததை நான் சொல்கிறேன்.

பத்து நாள் விடாத மழை. ஆறு கடலில் சேரும் வாயை மணல்மேடு அடைத்துக்கொண்டதில் தண்ணீர் போக்கிடமில்லாமல் தெருவுக்குள் திரும்பிவிட்டது. அடுப்படியில் கணுக்கால் அளவு. கட்டிலில் மெஷின்கள், நாற்காலியில் நாங்கள், அப்படி ஒரு குடித்தனம். தெரு ஆண்கள் மண்வெட்டியோடு மேட்டை வெட்டக் கிளம்பினார்கள். ஆற்றில் நண்டு பிடித்து விற்பாளே, நண்டக்கா, அவள் குறுக்கே வந்து நின்றாள். "கடல் ஏறி நிக்குது, இப்ப வெட்டுனா அதுதான் உள்ள வரும். நாளன்னைக்கு அமாவாசை, மத்தியானம் கடல் நல்லா இறங்கும், அப்ப வெட்டுங்க" என்றாள். எனக்கு வந்ததே ஆத்திரம், "உன் வீடு மேட்டுத் தெருவுல இருக்கு, நீ பேசுவ" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். படகுக்காரர்தான் "அவ கணக்கு தப்பாது" என்று மண்வெட்டியைக் கீழே போட்டார்.

மறுநாள் பாலத்துப் பக்கம் குடிதண்ணீர் லாரி வந்தது. குடத்தோடு போனவள் அங்கிருந்து பார்க்கிறேன், மேட்டு வீட்டை மகன் குடும்பத்துக்கு விட்டுவிட்டு நண்டக்கா ஆற்றோரத்துக்கே குடிவந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. வீட்டில் இடுப்பளவு தண்ணீர், சட்டி பானையெல்லாம் உத்தரத்தில் தொங்க, அவள் வாசலில் கட்டிய படகில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். அப்படியே கூசிப் போனேன்.

அமாவாசை மதியம் இரு கரைச் சனமும் மேட்டில் இறங்கியது, நானும்தான். நண்டக்கா குச்சியால் கோடு போட்டாள், அதன்மேல் முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால், அவ்வளவுதான் நாங்கள் வெட்டியது. மீதியைத் தண்ணீரே அறுத்துக்கொண்டு போனது. "ஓடுங்க, ஓடுங்க" என்று அவள் கத்த, கண்ணெதிரே அந்த வாய்க்கால் ஒரு தெரு அகலம் ஆனது. உன் அப்பா ஒற்றைச் செருப்போடு கரையேறினார், மற்றதைக் கடல் கொண்டுபோயிற்று. பொழுது சாயுமுன் அடுப்படித் தரை தெரிந்தது.

நாலாம் நாள் அவள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். கடல் ஏறும்போது கண்ணாடித் துணுக்கு மாதிரி மீன்குஞ்சுகள் ஆயிரமாயிரமாக ஆற்றுக்குள் வருகின்றன, கரை நெடுகக் கொக்குகள். ஒரு மாதம் அந்த வாயில் யாரும் வலை போடக் கூடாது என்றாளாம், வலைக்காரர்களும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், கடலும் ஆறும் அவளுக்கு மனப்பாடம். "அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்க்கா, மனசுல வச்சுக்காத" என்றேன். "தண்ணி ஏறுனா எல்லாருக்கும் வாய் நீளும், விடு. தைக்கக் குடுத்த துணிய எப்பத் தருவ, அதச் சொல்லு" என்றாள். இன்று அதைத்தான் முதலில் எடுத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. அப்பா கால் அளவு ஒன்பது, வரும்போது செருப்பு வாங்கி வா. எங்கே இருந்தாலும் நல்லவர்கள் நடுவே நீ நிறைவாக இருக்க வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா