பயணத்துக்கு முன் மாஃப்

மயிலாப்பூர்,
12.2.2025

அன்புள்ள கமர் ஆபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

உங்கள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. உங்கள் ஹஜ், உம்ரா டிராவல்ஸை விட்டு விலகினால் இரண்டு வருடம் சென்னையில் வேறெந்த டிராவல்ஸிலும் சேர மாட்டேன் என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேனாம். ஏர்போர்ட் கிளம்பும் அவசரத்தில் விசா ஃபாரங்களோடு சேர்த்து நீட்டினீர்களே, அதுவா? "படிச்சிக்கினு இருக்காதம்மா, வண்டி நிக்குது" என்றீர்கள். நீங்கள் நீட்டினால் நான் எதைப் படித்திருக்கிறேன்? சொந்த அக்காவாக நினைத்துத்தான் ஆபா என்று கூப்பிட்டேன்; என் நிக்காஹ் அன்று தாய் இடத்தில் நின்றவர் நீங்கள். வயிறு எரிகிறது ஆபா.

ரூபீனா

தி.நகர்,
20.2.2025

ரூபீனா,

வஅலைக்கும் ஸலாம். வயிறு எரிவது உனக்கு மட்டுமா? மக்காவுக்கும் மதீனாவுக்கும் அழைத்துப்போய், பெண்கள் குழுவை நடத்த உனக்குக் கற்றுக்கொடுத்தது நான். அதை அப்படியே அள்ளிக்கொண்டுபோய் மயிலாப்பூர் டிராவல்ஸ்காரனிடம் கொடுத்தாயே! நம்மோடு பயணம் வர இருக்கும் ஜமீலுன்னிசாம்மா உனக்குப் போன் பண்ணியது எனக்குத் தெரியாதா? நம்மோடு வருகிறவர்களின் பெயரும் நம்பரும் கம்பெனி ரகசியம். வீட்டுப் பெண் என்று நம்பினேன், நல்லா செஞ்சே.

அந்த வேலையை விடு. நோட்டீஸைக் கிழித்துப் போடுகிறேன்.

கமர் ஜஹான்

மயிலாப்பூர்,
6.3.2025

ஆபா,

வேலையை நான் விடவில்லை, அவர்களே அனுப்பிவிட்டார்கள். அங்கேயும் ஒரு நோட்டீஸ் அனுப்பினீர்களாமே. "கோர்ட்டுல அந்தப் பேப்பர் நிக்காதும்மா, ஆனா யாரு அலையறது?" என்றார் முதலாளி.

ஜமீலுன்னிசாம்மா போன் செய்தது, முழங்கால் வலிக்கு அங்கே வீல்சேர் கிடைக்குமா என்று கேட்க. "கமர் ஆபாகூடயே போங்கம்மா, அவங்க பாத்துப்பாங்க" என்றுதான் சொன்னேன். அவரையே கேட்டுப் பாருங்கள். அதற்குக்கூடவா உங்களுக்கு மனசு வரவில்லை?

இந்த நோன்பில் இஃப்தாருக்கு உங்கள் வீட்டுக்கு வர மாட்டேன்.

ரூபீனா

தி.நகர்,
9.5.2025

அன்புள்ள ரூபீனா,

அஸ்ஸலாமு அலைக்கும். இன்ஷா அல்லாஹ், இந்த வருடம் நானே ஹஜ்ஜுக்குப் போகிறேன். தெரிந்தோ தெரியாமலோ என் சொல்லாலும் செயலாலும் மனம் நொந்திருந்தால் அல்லாஹ்வுக்காக என்னை மன்னித்து மாஃப் செய்ய வேண்டுகிறேன்.

ஜமீலுன்னிசாம்மாவைக் கேட்டேன். நீ சொன்னது நிஜம்தான். ஆனால் இப்போது நோட்டீஸை வாபஸ் வாங்கினால் ஆபீஸில் மற்ற பெண்களுக்குக் குளிர்விட்டுப் போய்விடும். திரும்பி வந்ததும் பேசிக்கொள்வோம். மாஃப் என்று ஒரு வரி எழுதிவிடு, கண்ணு. அது இல்லாமல் எப்படிக் கிளம்புவேன்?

உன் ஆபா,
கமர் ஜஹான்

மயிலாப்பூர்,
14.5.2025

ஆபா,

மாஃப் கேட்கும் அந்த வாசகம் நான் எழுதியது. பயணம் போகிற எல்லோருக்கும் ஆபீஸில் அச்சடித்துக் கொடுப்போமே, அதேதான்.

கொடுக்கும்போது என்ன சொல்வோம், மறந்துவிட்டதா? "யாருகிட்ட இன்னா எடுத்தீங்களோ அத மொதல்ல திருப்பிக் குடுங்க, அப்புறம் மாஃப் கேளுங்க." அதைச் சொல்லச் சொன்னதே நீங்கள்தான். என் பிழைப்பை எடுத்தீர்கள். என்மேல் தப்பில்லை என்று தெரிந்த பிறகும் திருப்பித் தரவில்லை.

பி.பி. மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட வேண்டாம். அங்கே வெயில் கொளுத்தும், குடையை மறக்காதீர்கள். நல்லபடியாகப் போய்வாருங்கள்.

மாஃப் செய்யவில்லை.

ரூபீனா