பௌசியா சொன்ன நூற்றுத் தொண்ணூறு

என் அன்பு மாமாவுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஆறு மாதம் ஆகிறது. முதுநகர் வீட்டு மாடியில் இத்தாலி மொழி வகுப்பை மறுபடியும் திறந்துவிட்டேன். "புள்ளைங்க சத்தம் கேட்டாத்தான் வீடு வீடா இருக்கும், ஆரம்பிடி" என்று அக்காதான் சொன்னாள்.

அங்கே வேலைக்குப் போகப்போகும் நர்ஸ் பெண்களுக்கு எண்களைக் கற்றுக்கொடுப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். இன்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பார்கள், நாளை மறந்துவிடுவார்கள். "நர்சுக்கு நம்பர்னா பிரஷரும் நாடியும்தான? என்னையே பேஷண்டா உக்கார வச்சிக்க" என்று, சிப்காட் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள். ஒருத்தி உங்கள் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றி, மிஷின் திரையில் வரும் எண்ணை இத்தாலியில் சொல்வாள். திரும்பி நிற்கும் இன்னொருத்தி, கேட்டதைப் பலகையில் எழுதுவாள். இரண்டும் ஒத்துப்போனால் உங்கள் சட்டைப்பையிலிருந்து ஆளுக்கொரு கடலை மிட்டாய். நடுவில் "ஐயோ, வலிக்குதே சிஸ்டர்" என்று முனகல் வேறு. அதுவும் பட்டை சுற்றாத கையைப் பிடித்துக்கொண்டு!

அந்தக் கடைசி வாரம், சிதம்பரத்திலிருந்து வரும் பௌசியாவின் முறை. சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. "சென்தோ நொவான்தா" என்றாள். நூற்றுத் தொண்ணூறு. உங்களுக்கு எப்போதும் நூற்று முப்பதுதானே? பலகைப் பக்கம் நின்றபடியே, "தப்பு. சென்தோ த்ரென்தா. திருப்பிச் சொல்லு" என்றேன். அவள் திரையை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு நான் சொன்னதையே சொன்னாள்.

"புள்ள பயப்படுது, வுடு கலா" என்று அவளுக்கும் மிட்டாய் கொடுத்தீர்கள். மாமா, அன்று உங்களுக்குத் தலை வலித்ததா?

மூன்றாம் நாள் விழுந்தீர்கள். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். "பிரஷர் முன்னாடியே ஜாஸ்தியா இருந்துதாம்மா?" என்று டாக்டர் கேட்டார். "இல்ல சார், வாராவாரம் பாக்கறோமே" என்று நான்தான் பதில் சொன்னேன். சொல்லும்போதே பௌசியாவின் முகம் நினைவுக்கு வந்தது. எட்டு வருடம் இத்தாலியில் வயதானவர்களைப் பார்த்துக்கொண்டுவிட்டு வந்தவள் நான். நாலடி நடந்து அந்தத் திரையைப் பார்க்கவில்லை.

பௌசியா இப்போது நன்றாகப் பேசுகிறாள். எண் வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும், என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். நேற்று வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்தி, "அன்னிக்கு நீ சொன்னதுதான் சரி" என்றேன்.

"தெரியும் மிஸ். ரெண்டாவது தடவையும் பாத்தேனே."

"அப்பறம் ஏன் மாத்திச் சொன்ன?"

"நீங்க அவ்ளோ உறுதியா சொன்னீங்க. மிஷின்தான் தப்பா காட்டுதுன்னு நெனச்சிட்டேன்" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். ஆறு மாதமாக அவளும் இதைச் சுமந்திருக்கிறாள்.

அக்காவுக்கு இன்னும் தெரியாது. "ஒரு நாளும் பிரஷர்னு சொன்னதில்லையே அவரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் பக்கத்திலேயே நின்று காபி கொடுக்கிறேன்.

இனி திரையைப் பார்க்காமல் எந்தப் பிள்ளையையும் தப்பு என்று சொல்லமாட்டேன், மாமா. இது சுலபமான சத்தியம். இன்னொன்று இருக்கிறது. இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன்; அக்கா இதை அச்சில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. பேனாவை மூடியதும் கீழே போய், அவள் எதிரில் உட்கார்ந்து, நானே சொல்வேன். உங்களை மாதிரி "வுடு கலா" என்று அவள் சொல்லாவிட்டாலும் சொல்வேன்.

உங்கள் கொழுந்தியாள்,
கலா